அழுத குழாய்

அந்தக் கோடையில் ஊரிலிருந்த பால் புட்டிகளின் ரப்பர் குழாய்கள் அழ ஆரம்பித்தன. முழ நீளக் குழாய். ஒரு முனை புட்டிக்குள், மறுமுனை குழந்தை வாயில். தாய் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே கடைக்காரர்கள் விற்ற சாமான். உள்ளே கழுவ எந்தப் பிரஷ்ஷும் நுழையாது. முந்தின கோடையில் பேதியில் போன குழந்தைகளில் பாதிக்கு மேல் அதில் குடித்தவை என்று நகராட்சி நர்ஸ் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். கத்தரியக்கா என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

அழும் குழாயைத் தொட்டிலில் போட்டு ஆட்டினாலும் அடங்காது. ஒரு வாய் சப்பினால்தான் அடங்கும். அதனால் தாய்மார்கள், ஐயோ பாவம், முன்னைவிட அதிகமாகவே பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தார்கள். பால்காரர் மாட்டைச் சந்தேகப்பட்டார். டாக்டர் வெயிலில் ரப்பர் விரிகிறது என்றார். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. வெட்டுவதற்குப் புரிய வேண்டுமா என்ன? நாற்பத்தொரு குழாய்களை வெட்டினாள். வெட்டியதும் ஒவ்வொன்றும் ஓய்ந்தது.

நாற்பத்திரண்டாவது அவளுடைய தங்கை வீட்டில் இருந்தது. தங்கையின் மூத்தவன் முந்தின கோடையில், ஏழு மாதத்தில் போய்விட்டான். இளையவனுக்கு ஐந்து மாதம். அன்று காலையிலிருந்து நாலு தடவை தண்ணீராகப் போயிருந்தது, கண் குழிவிழுந்திருந்தது. பக்கத்தில் குழாய் அழுதது. மூன்று வீறலுக்கு ஒரு விக்கல். அந்த விக்கலை நர்ஸ் தன் தோளில் போட்டுத் தட்டியிருக்கிறாள்.

“வெட்டாதக்கா. மூத்தவன்தான் அது. உனக்கே தெரியுதுல்ல?”

“தெரியுதுடி. அதுக்காக இருக்கிறவனையும் தூக்கிக் குடுப்பியா?”

“பசிக்குதுன்னு அழுறானே, நான் என்ன பண்ணுவேன்?”

நியாயம் எந்தப் பக்கம் என்று நர்ஸுக்குப் பிடிபடவில்லை. விரித்த கத்தரி விரித்தபடியே நின்றது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புட்டியில் இருந்த பாலைக் கொட்டிவிட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீரை நிரப்பினாள்.

“சின்னவனுக்குக் கரண்டியில குடு. முதல்ல காய்ச்சின தண்ணி, அப்புறம் காய்ச்சின பால். மூத்தவனை நான் பாத்துக்கறேன். என் வயிறு தாங்கும்.”

குழாயைத் தன் வாயில் வைத்துச் சப்பினாள். விக்கல் நின்றது. அவளுக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் சின்னவனுக்குப் பேதி நின்றது. அதன் பிறகு கோடை வந்தால் அக்காவும் தங்கையும் முறை வைத்து மாற்றி மாற்றி அந்தக் குழாயைச் சப்பினார்கள். தெருவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் வருகிறவர்கள் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். சின்னவனுக்கு ஆறு வயதானபோது, ஒரு நாள் பள்ளிப் பையை மூலையில் வீசிவிட்டு ஸ்டூல் பக்கம் வந்து நின்றான்.

“எனக்கு எப்ப முறை, பெரியம்மா?”

அவள் குழாயை வாயிலிருந்து எடுத்தாள். அது சிணுங்கியது.

“இன்னும் ரெண்டு கோடை போகட்டும்டா” என்று சொல்லிவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டாள்.