மூன்று தட்டு

எனக்கும் என் தங்கை புருஷனுக்கும் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் ஓர் இரும்புக் கூண்டு. சிரிக்காதீர்கள். எங்கள் பிழைப்பு லாரி டயர் மாட்டுவது. டயரை ரிம்மில் ஏற்றி, அது கழன்று வராமல் விளிம்பில் லாக் ரிங் என்கிற இரும்பு வளையத்தை அடித்து உட்கார வைப்போம். பிறகு சக்கரத்தைக் கூண்டுக்குள் உருட்டிவிட்டுத்தான் காற்றேற்ற வேண்டும். வளையம் சரியாக உட்காராமல் தெறித்தால் அடியைக் கூண்டு வாங்கிக்கொள்ளும். கூண்டு இல்லையென்றால் பக்கத்தில் நிற்கிறவன்தான் வாங்க வேண்டும்.

நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது மாப்பிள்ளை அந்தக் கூண்டை வெட்டி, வெல்டிங் வைத்து, தன் வீட்டு வாசலுக்கு கேட் போட்டுவிட்டார். பச்சைப் பெயின்ட் வேறு.

"அறிவிருக்கா மாப்ளே?" என்றேன்.

"இத்தன வருஷத்துல ஒரு ரிங்காவது தெறிச்சிருக்கா மச்சான்? சும்மா எடத்த அடச்சிக்கிட்டு நின்னுச்சு. கேட் இல்லாம நாயெல்லாம் உள்ள வருதுன்னு உங்க தங்கச்சிதான் பொலம்புனா."

"அந்த கேட்டு இருக்கற வரைக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

எனக்கு வாய் நீளம். அவருக்கு மூக்குக்கு மேலே கோபம். அன்றோடு பேச்சு நின்றது. புதுக் கூண்டு செய்யச் சொல்லலாம் என்று தோன்றாமல் இல்லை. வெட்டியவர் செய்யட்டுமே, நான் ஏன் செய்ய வேண்டும் என்று வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேச்சு நின்றால் வேலை நிற்குமா? டயர் ஏற்றும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே லிவரைப் போட்டு நெம்பினோம். கம்ப்ரஸர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முன்பெல்லாம் வளையத்தை உட்கார வைத்துவிட்டு, "காத்து விடுங்க மச்சான்" என்று கத்துவார். இப்போது கத்துவதற்குப் பதிலாக சுத்தியலால் ரிம்மில் மூன்று தட்டு தட்டுவார். நான் காற்றைத் திறந்துவிடுவேன். யார் ஏற்படுத்திய ஏற்பாடு என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஊமைக் கடை என்று டிரைவர்கள் கிண்டலடித்தார்கள். என் தங்கைதான் பாவம், "எப்பண்ணே பேசுவீங்க ரெண்டு பேரும்?" என்று போனில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

இன்று காலையில் சுமையோடு ஒரு லாரி வந்தது. டிரைவருக்கு அவசரம், எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. புது டயர், கல் மாதிரி விறைப்பு. சோப்புத் தண்ணீர் தடவி, இரண்டு பேரும் ஏறி மிதித்து உள்ளே தள்ளுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மாப்பிள்ளை காற்றுக் குழாயை முன்கூட்டியே மாட்டிவிட்டு வளையத்தை அடிக்க உட்கார்ந்தார். நான் சுவருக்குப் பின்னால் போனேன்.

மூன்று தட்டு கேட்டது.

அதற்குள் முடித்துவிட்டாரே, மனுஷன் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். முழுசாகத் திறந்தேன். அழுக்குத் துணியில் கையைத் துடைத்தபடி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தட்டு. இந்தத் தடவை லாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

எட்டிப் பார்த்தேன். டிரைவர் எங்கள் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு, மற்ற சக்கரங்களின் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இன்னும் குனிந்து, லிவரைக் கொடுத்து வளையத்தை நெம்பிக்கொண்டிருந்தார். கம்ப்ரஸரும் எஞ்சினும் போட்ட இரைச்சலில் காற்று ஏறுவது அவருக்குக் கேட்கவில்லை.

"மாப்ளே!"

இத்தனை நாள் கழித்து நான் அவரைக் கூப்பிட்ட முதல் சொல். கூடவே வெடித்துவிட்டது.

புழுதி அடங்கியபோது தகரக் கூரையில் ஓர் ஓட்டை, அதன் வழியாக வெயில் விழுந்தது. வளையம் போன வழி அது. லிவர் வளைந்து கிடந்தது. மாப்பிள்ளை மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. இரண்டு காதிலிருந்தும் ரத்தம். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்து, சட்டையெல்லாம் ரத்தமாக, என்னென்னவோ சொன்னேன். தெரியாமல் திறந்துவிட்டேன் என்றேன். கூண்டு போனால் மயிரே போச்சு, எழுந்திரு என்றேன். வாழ்நாளில் அவரிடம் அவ்வளவு பேசியதில்லை.

அவர் என் வாயையே பார்த்தார்.

"வாயத்தான் அசைக்கிறீங்க," என்றார் உரக்க. "பேசுங்க மச்சான்."

ஆஸ்பத்திரியில் இரண்டு காதுச் சவ்வும் கிழிந்துவிட்டது என்றார்கள். தலைக்குள்ளும் அடி இருக்கலாம், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, வீட்டு ஆட்களை உடனே வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். போனைக் கையில் எடுத்தேன். தங்கையிடம் போனில் சொல்ல மனசு வரவில்லை.

அவள் வீட்டு முன்னால் வந்து நிற்கிறேன். பச்சை கேட். எங்கள் கூண்டுக் கம்பிகள்தான், ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும். அதைத் தள்ளித் திறக்கக் கை வரவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவளே பார்த்துவிட்டு ஈரக் கையோடு ஓடிவருகிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே! வந்துட்டியா? அப்ப ரெண்டு பேரும் பேசிட்டீங்க?"

"நான் பேசிட்டேம்மா," என்கிறேன். "மாப்பிள்ளைக்குத்தான் கேக்கல."

"அவரு எப்பவுமே அப்படித்தாண்ணே, ஒரு வாட்டி சொன்னா காதுல வாங்க மாட்டாரு," என்று சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தவள், அப்போதுதான் என் சட்டையைப் பார்க்கிறாள்.