இடது கன்னம்

என் மனைவி வெண்மதி, ரத்த அழுத்த மாத்திரையை விழுங்குவதுபோல் காட்டிக் கன்னத்தில் ஒதுக்கிவைப்பாள். பிறகு துப்பிவிடுவாள். மூளையில் ரத்தம் கசிந்து அவள் இறந்த பிறகுதான், கட்டிலுக்கு அடியில் அந்த மாத்திரைகளைப் பார்த்தேன். அவளுக்கு முப்பத்தொரு வயது.

அவளுடைய அப்பா சென்றாயனுக்கும் அதே நோய். "நோய் மட்டுமில்ல, மாத்திரைய ஒழுங்காப் போடாத குணமும் கொஞ்சம் பரம்பரையா வரலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா கூட ஆள் இருந்தா மாத்திடலாம்," என்றார் டாக்டர்.

அதனால் தினமும் காலையில், வேலைக்குப் போகும் வழியில், நல்லம்பள்ளியில் இறங்கி மாமனார் வீட்டுக்குப் போகிறேன்.

இன்று மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது. வெண்மதிக்கும் இடது கன்னம்தான் இப்படி உப்பியிருக்கும்; அப்போது எனக்குப் புரியவில்லை.

"வாயத் தொறங்க மாமா."

"போலீஸ்ல சேர வேண்டியவருங்க நீங்க, மாப்ள."

"உங்க பொண்ணுகிட்ட நான் இப்படிக் கேக்கலைங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். சொம்பை மறுபடி எடுத்து மடமடவென்று குடித்தார். பிறகு, நான் கேட்காமலே, வாயைத் திறந்து நாக்கையும் தூக்கிக் காட்டினார்.

"நாளைக்கும் வந்து பாருங்க," என்றார்.