திருப்தியடைந்த விமர்சகர்

அரசாங்கத்துக்குத் தன்னைத் திட்டுகிறவர்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. என்ன மாற்றம் செய்தால் மனம் குளிர்வீர்கள் என்று கேட்பதற்காக மாத்தளை டவுனில் ஏசி போட்ட மண்டபமொன்றில் கூட்டம் வைத்தது. றத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்த மாணிக்கவாசகத்துக்கும் அழைப்பு வந்தது. அரசாங்கத்தைத் திட்டுவதில் அங்கே அவரை அடிக்க ஆளில்லை.

அதே தோட்டத்தில் குடியிருந்த இராஜகுமாரிக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. அறுபத்துமூன்று குடும்பங்களின் கடிதங்களும் தோட்ட ஆபிஸுக்கு வரும்; கிளாக்கருக்கு ஞாபகம் வந்தால் வீட்டுக்கு வரும். மகள் விதுஷாவைத் தாதியர் பயிற்சி நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம், போன வருடம் தேர்வு முடிந்து நான்கு நாள் கழித்துக் கைக்கு வந்தது. மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள்; இந்த வருடத்தோடு வயதெல்லை முடிகிறது.

"அண்ணே, வேற எதுவும் கேக்காதீங்க. வீட்டுக்கு வீடு நம்பர் வேணும். தபால்காரர் வாசலுக்கு வரணும்."

"நீ பேசாம இரு தங்கச்சி. நான் பேசுற பேச்சுல ஏசிக்கே வேர்க்கும்."

பேசினார். பெரிய அதிகாரி ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். இரண்டே வாரத்தில் கொள்கை மாற்றம் லயத்துக்கு வந்து சேர்ந்தது. நீல நிறத்தில் ஒரு நம்பர் தகடு. அதை மாணிக்கவாசகத்தின் கதவில் அடித்தார்கள். இதற்கு 'முன்னோடித் திட்டம்' என்று பெயர். மற்றவர்களின் கடிதங்களும் இனி அந்த முகவரிக்கே வரும். அவரும் ஆலோசனைக் குழுவில் 'திருப்தியடைந்த விமர்சகர்' ஆனார்.

"எங்க நம்பர் எங்கண்ணே?"

"படிப்படியாத்தான் வரும். மொத படி ஏறியாச்சுல்ல?"

"ஏறினது நீங்க மட்டும்தானே."

"அரசாங்கமே எறங்கி வந்திருக்கு, நீ என்னா இப்படிப் பேசுற!"

அடுத்த மாதம், விமர்சகர்களை நண்பர்களாக்குவது பற்றி உரையாற்றக் கண்டிக்குக் கிளம்பினார். ஐந்து நாள் பயிற்சிப் பட்டறை. கடிதங்களை எடுத்துக் கொடுக்க அவர் வீட்டுச் சாவியைக் கேட்டாள் இராஜகுமாரி.

"இது இப்ப பொறுப்பான முகவரி. கண்டவங்க கையில சாவியக் குடுக்க முடியுமா?"

சனிக்கிழமை திரும்பி வந்தவர், கதவடியில் கிடந்த கடிதங்களைப் பொறுக்கி, விதுஷா பெயருக்கு வந்த பழுப்பு உறையொன்றைப் பெருமையோடு நீட்டினார்.

"பாரு, தபால் முத்திரையப் பாரு. திங்கக்கிழமை போட்டது செவ்வாக்கிழமையே வந்திருக்கு. ஆபிஸ் காலத்துல இப்படி நடந்திருக்குமா?"

விதுஷா பிரித்துப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"நேத்தும்மா," என்றாள். "காலையில ஒம்பது மணிக்கு."

மாணிக்கவாசகம் தொண்டையைச் செருமினார்.

"விடு தங்கச்சி. அடுத்த கூட்டத்துல கிழிச்சிருவேன்."

"இப்ப யாரண்ணே கிழிப்பீங்க?"

அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"கிளாக்கரத்தான். கடுதாசி லேட்டா வர்றதுக்கு நம்ம சனத்தப் பழக்கி வச்சவனே அவன்தானே."