தாக்ரே வீட்டு வெல்வெட்

லீட்ஸ் நகரில் எங்கள் சந்தில் யார் செத்தாலும், அடக்கம் வரை சவப்பெட்டிமேல் விரிக்க எங்கள் வீட்டுக் கறுப்பு வெல்வெட்தான் போகும். மகாராணியே கைம்பெண்ணாகக் கறுப்பு உடுத்திய காலம். துக்கத்தில் குறை வைக்கலாகாது. செத்தவர் எந்த நோயில் செத்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. விசாரிப்பது தாக்ரே குடும்பத்துக்கு அழகல்ல.

பெரியம்மை பரவியபோது லம்ப் என்ற சுகாதார ஆய்வாளன் என் வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"பெரியவரே, அம்மை வந்த எல்லா வீட்லயும் அதுக்கு முன்னாடி ஒரு சாவு விழுந்திருக்கு. ஆனா அதுல மொதல்ல செத்த ஒரு வாடகைக்காரன் மட்டும்தான் அம்மைல செத்தான். அந்த வீட்டுக்காரங்க அத மறைச்சுட்டாங்க. அங்க இருந்து மத்த வீடுங்களுக்குப் போனது ஒங்க வெல்வெட் ஒண்ணுதான்."

"அது பொணத்துக்குப் போத்துறது தம்பி. பொணத்துக்கு அம்மை வருமா? இதச் சொல்லவா ஒனக்குச் சம்பளம்?"

"அம்மைல படுத்ததெல்லாம் சின்னப் பிள்ளைங்க. அதான் எனக்கும் புரியல. இப்ப அது எங்க இருக்கு?"

"கெசையா பாட் வீட்ல. புருஷன் சாயத்தொட்டில விழுந்து செத்துட்டான். நாளைக்குத்தான் அடக்கம். அதுக்கு முன்ன உருவ விடமாட்டேன்."

"அங்க மூணு பிள்ளைங்க இருக்கு, பெரியவரே."

இவன் கை அதில் படக்கூடாது என்பதற்காகவே முன்னால் நடந்தேன். கதவைத் தள்ளினேன். அடுப்பில் நெருப்பில்லை. இரண்டு நாற்காலிகள்மேல் சவப்பெட்டி துணி போர்த்தாமல் கிடந்தது. ஒற்றைக் கட்டிலில் மூன்று பிள்ளைகள், கழுத்துவரை என் தாத்தாவின் வெல்வெட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கின.

"கெசையா! இதென்ன?"

"குளிருது பெரியவரே. அவருக்குத்தான் இனிமே குளிராதே." அவள் தலைகுனியக்கூட இல்லை. "எல்லா வீட்லயும் இப்படித்தான். யாராச்சும் துக்கம் கேட்க வந்தா எடுத்துப் பெட்டிமேல போட்ருவோம்."

மூன்று தலைமுறை மரியாதை இவர்களுக்குக் கம்பளியாக இருந்திருக்கிறது!

"நான் எடுக்கட்டுமா?" என்றான் லம்ப்.

"தள்ளு. இது தாக்ரே வீட்டுத் துணி."

நானே உருவினேன். பிள்ளைகள் விழித்து நடுங்கின. கெசையா என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லை, என் கோட்டைக் கழற்றி அவர்கள்மேல் எறிந்தேன்.

வெல்வெட்டை முற்றத்தில் நானே கொளுத்தினேன். சந்தே கூடியது. "பொக பக்கத்துல வராதீங்க! நாளைக்கு எல்லாரும் அம்மை குத்திக்கணும்!" என்று லம்ப் கத்தினான். யார் காதில் விழுந்தது? வெட்கமில்லாத கூட்டம், நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் கெசையா புருஷனின் பெட்டி வெறும் பலகையாகக் கல்லறைக்குப் போனது. கோட் இல்லாமல் அதன் பின்னால் நிமிர்ந்து நடந்தேன். தாக்ரே நடுங்கினான் என்று ஒருவனும் சொல்ல முடியாது.