தலையில் முளைத்தது

கோவில்பட்டி டாக்டர் என்னைக் காட்டி, "இவர் யாரு? பேரு சொல்லுங்க பாட்டி" என்றார். அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"யாரோ அண்ணாச்சி. நல்ல குடும்பத்து ஆளு மாதிரி தெரியுது."

பக்கத்தில் நின்ற என் தம்பி வேல்சாமியின் பேரைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

அடுத்த சந்தை நாளுக்குள் செய்தி பசுவந்தனை முழுக்கப் பரவிவிட்டது. கொம்பையாவின் அம்மாவுக்கு மூத்த மகன் பேரே மறந்துவிட்டதாம். அந்தக் கொம்பையா, நாளை கொள்ளி வைக்க வேண்டியவன், நான்தான். என் பேர் அம்மாவின் நெஞ்சில் இல்லை என்று ஊர் பேசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அம்மா என் பேரைச் சொல்லி நான் என்றுமே கேட்டதில்லை. தாத்தாவின் பேரைத்தான் எனக்கு வைத்திருந்தார்கள். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் நான் அவளுக்கு எப்போதும் 'பெரியவன்'தான். பேர் மட்டுமா? 'கொம்பு' என்ற சொல்லையே அவள் ஒதுக்கி வைத்திருந்தாள். மாட்டுப் பொங்கலன்று, "ஏலே, மாட்டுக்குத் தலையில முளைச்சதுக்கு வர்ணம் பூசுங்கலே" என்பாள். வீடே சிரிக்கும்.

பேர் மறந்திருந்தால் அந்த விலக்கும் மறந்திருக்க வேண்டும். பார்த்துவிடுவது என்று பசுவந்தனைக்கு பஸ் ஏறினேன்.

தம்பி வீட்டுத் தொழுவத்துக்கு எதிரே, வேப்பமரத்தடிக் கட்டிலில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. எந்த ஊரு?"

"கோவில்பட்டி." காளையின் கொம்பைத் தொட்டுக் காட்டினேன். "இது என்னதும்மா?"

வைக்கோல் உதறிக்கொண்டிருந்த வேல்சாமி சிரித்தான். "என்னண்ணே, மாட்டுக்கு விலை பேசவா வந்திய?"

"சும்மா இருல."

அம்மா மாட்டைப் பார்த்தாள். வாய் திறந்து, மூடியது.

"இது தெரியாதாக்கும்? மாட்டுத் தலையில முளைச்சது."

"அதுக்கு ஒரு பேரு உண்டுல்லா?"

சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். "எங்க மாமா பேருல்லா அது. அவிய காதுல விழுந்தா என்ன நினைப்பாவ? வேணும்னா நீங்க சொல்லிக்கிடுங்க."

வேல்சாமியின் கை நின்றது.

"அந்தப் பேருல வேற யாரும் உண்டா?"

"எம் மூத்த பய இருக்கான்லா. அவனுக்கும் அதே பேருதான். எனக்கு அவன் பெரியவன்."

வந்த காரியம் முடிந்தது. ஊர்வாயை அடைக்க இது போதும். ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. என்னைப் பற்றி என் முகத்துக்கு நேரே யாரும் பேசியதில்லை. கேட்டுப் பார்க்கத் தோன்றியது.

"ஆளு எப்படி?"

"விறைப்பு. உலக்கையை முழுங்குனவன் கணக்கா நடப்பான்." கழுத்தை நிமிர்த்திக் காட்டினாள். வேல்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. "ஆனா இடி இடிச்சா எஞ் சேலைக்குள்ள வந்து ஒளிஞ்சுக்கிடுவான். யாருகிட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி. அவனுக்குக் கோவம் வந்துரும்."

"சொல்ல மாட்டேன்."

"இன்னைக்கு வாரேன்னிருக்கான். இருந்து பாத்துட்டுப் போங்க."

ரோட்டில் கோவில்பட்டி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

"நல்ல குடும்பத்து ஆளு தரையில உக்காரலாமா?" என்று பதறினாள்.

"இருக்கட்டும்மா. பெரியவன் வரட்டும்" என்றேன்.