நான்காம் பங்கேற்பாளர்

எங்கள் முதுகலை வகுப்பில் ஆய்வு முறைகள் பாடம் எடுத்த பேராசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் அடர்த்தி மேடம். எதை எழுதிக் கொண்டுபோனாலும் ஒரே புகார்தான். "மெலிசா இருக்கு. இன்னும் அடர்த்தியா எழுது. படிக்கிறவன் அந்த ரூம்லயே உக்காந்திருக்கணும்." ஆயிரம் பேரை டிக் போடச் சொல்லி எண்ணுகிற ஆய்வெல்லாம் அவருக்கு வேப்பங்காய். ஒரே ஒருத்தியை இரண்டு மணி நேரம் பேசவிட்டுக் கேள், அதுதான் ஆராய்ச்சி என்பார். நான் அதை நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு செய்தி சேனலில் திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் தங்கள் வேலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது என் தலைப்பு. முதலில் பேசிய மூன்று பேரும் "நல்ல டீம், நல்ல சூழல்" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று சித்தியிடம் போனேன்.

சித்தி அம்மாவின் தங்கை. அதே சேனலில் பதினான்கு வருடமாக வீடியோ எடிட்டர். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான். சமையலறை மேசையில் போனை வைத்துப் பதிவு செய்தேன். முதல் அரை மணி நேரம் கிண்டல்தான். "நான் ஒரு தையல்காரிடி. என்ன, துணிக்குப் பதிலா மந்திரி. தும்மினா வெட்டணும், கொட்டாவி விட்டா வெட்டணும்."

பிறகு, போன வருடத்து ஆடைத் தொழிற்சாலைத் தீ விபத்தைப் பற்றிக் கேட்டேன். பதினொரு பெண்கள் செத்தார்கள். பதற்றத்தில் முண்டியடித்து வாசலில் சிக்கிக்கொண்டார்கள் என்று சேனல் சொன்னது.

"கேமராமேன் எடுத்துட்டு வந்ததுல வாசல் கேட் தெளிவா இருந்துச்சு. வெளிப்பக்கம் பூட்டு. முப்பத்தெட்டு நொடி. செய்தி ஆசிரியர் என் பின்னால வந்து நின்னாரு. அது வேண்டாம்னாரு. சொன்னது அவரு, ஆனா கை என்னோடதுதானே. நான்தான் வெட்டினேன்."

பதிவைக் கேட்டு டைப் செய்த எழுத்துப்படியில் அந்த இடத்தில் 'ஒன்பது நொடி மௌனம்' என்று குறித்தேன். சித்தி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "என் பேர் வராதுல்ல?" என்றாள்.

"வராது சித்தி. நாலாவது பங்கேற்பாளர்னுதான் போடுவேன்."

அடர்த்தி மேடம் அதைப் படித்துவிட்டுத் தங்கம் என்றார். "ஆனா மேற்கோள் நீளமா இருக்கு. அடி விழற வரியை மட்டும் வை." நான் 'நான்தான் வெட்டினேன்' என்பதை மட்டும் எடுத்து அத்தியாயத்துக்குத் தலைப்பாகவே வைத்தேன். தீ விபத்துக் காட்சியை வெட்டியது பற்றி என்று கீழே குறித்துவிட்டு, ஆசிரியர் பின்னால் வந்து நின்ற வரிகளை விட்டுவிட்டேன். மேலதிகாரியைப் பற்றிய பேச்சு இல்லாவிட்டால் சித்திக்கு ஆபத்து குறைவு என்றும் நினைத்தேன். இரண்டு காரணமும் உண்மைதான். ஆனால் அந்த வரி தனியாக நின்றால் அழகாக இருக்கும் என்பதுதான் பெரிய காரணம். ஒரு முறை சாப்பாடு கொண்டுபோனபோது எடிட்டிங் அறையில் பார்த்ததையெல்லாம் அதன் கீழே அடர்த்தியாக எழுதினேன்: வலது தோள் வலியால் மவுஸை இடது கையில் வைத்திருப்பது, ஒவ்வொரு செய்தியும் முடிந்ததும் பிளாஸ்கிலிருந்து இரண்டு மடக்கு வெந்நீர்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு வல்லுநரை அழைப்பது வழக்கம். அறைக்குள் நுழைந்தபோதுதான் பார்த்தேன், அந்தச் சேனலின் செய்தி ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். சிரித்த முகமாகப் பக்கத்தைப் புரட்டினார்.

"இந்த நாலாவது ஆள் ரொம்ப உயிரோட இருக்காங்க. இடது கை, வெந்நீர் எல்லாம் நிஜமா, இல்ல கொஞ்சம் உங்க கைச்சரக்கா?"

ஆமாம், கைச்சரக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆய்வு பொய்யாகிவிடும். அடர்த்தி மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இல்ல சார். எல்லாம் நான் நேர்ல பாத்தது."

"நல்ல கவனிப்பு," என்று மெதுவாக மூடி வைத்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று போட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது சித்தி.

பூட்டிய கேட்டைச் சேனல் மறைத்துவிட்டது என்று செத்தவர்களின் குடும்பங்கள் அதற்குள் நீதிமன்றம் போயிருந்தன. அங்கே சேனல் கொடுத்த பதிலின் நகலோடு சித்திக்குப் பணிநீக்கக் கடிதம் வந்தது. காட்சியை நீக்கியது ஓர் எடிட்டரின் சொந்த முடிவு, நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது, அவரே அதை ஓர் ஆய்வாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். ஆதாரமாக என் அத்தியாயத்தின் முதல் பக்கத்தை இணைத்திருந்தார்கள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் வக்கீலைப் பார்த்தோம். முழு எழுத்துப்படியை நீட்டினேன். ஆசிரியர் பின்னால் வந்து நின்றது, வேண்டாம் என்றது எல்லாம் அதில் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நீங்க டைப் பண்ணதும்மா. நீங்க இவங்க அக்கா பொண்ணு. நேத்து ராத்திரி சேத்ததுன்னு சேனல் வக்கீல் சொல்லுவான். இவங்க குரல் வேணும். அந்தப் பதிவு எங்க?"

"அழிச்சுட்டேன்."

பேசியவர்களின் பாதுகாப்புக்காக, ஆய்வைச் சமர்ப்பிக்கும் அன்று பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது துறையின் விதி. அழித்ததற்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன். சித்தியைக் காப்பாற்ற இருந்த விதிகளில் அந்த ஒன்றைத்தான் நான் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறேன்.

சித்தி மேசையிலிருந்த என் அத்தியாயத்தை எடுத்தாள். அதுவரை அவள் அதைப் படித்ததில்லை. நானும் காட்டியதில்லை. விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள்.

"அப்ப நான் என்ன சொன்னேன்னு யார் கேட்டாலும், இனிமே இதுதான்," என்றாள்.

"ஆமா சித்தி," என்றேன்.