கேமராவில் மிச்சமிருந்த ஃபிலிம்

மகன் ஊரில் உள்ள முகங்களையெல்லாம் கருப்பு வெள்ளையில் எடுத்துத் தள்ளினான். தன் முகத்தை மட்டும் எந்தக் கேமராவுக்கும் பிடி கொடுக்கவில்லை. லாரி அடித்து அவன் போன பிறகு, சுவரில் மாட்ட ஒரு படம் தேடினால் பள்ளிக்கூட அடையாள அட்டைதான் அகப்பட்டது. அதில் மீசைகூட முளைக்கவில்லை. அப்போதுதான் அவனுடைய சிநேகிதன் வந்து, "கேமராவுல பாதி ரோல் இருக்குப்பா. அதுல அவன நான் ஒண்ணு எடுத்தேன். நல்லா சிரிச்சான்" என்றான். அன்றிலிருந்து அம்மாக்காரிக்கு அந்த ஒரு படம்தான் மூச்சு.

அந்த ரோலைக் கழுவ வேண்டியவர் அப்பா. மருந்துக்கடையில் வேலை பார்த்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கம்பவுண்டர். மகனுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவரும் அவர்தான். இருட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், வீட்டுக் குளியலறைதான். ஜன்னலில் கருப்புத் துணி, கவிழ்த்த வாளியின் மேல் ஒரு பலகை. அப்பனும் பிள்ளையும் உள்ளே புகுந்துவிட்டால் அவள் குளித்த மாதிரிதான். "நீங்க படம் கழுவுனது போதும், நான் மேலு கழுவணும்" என்று கதவைத் தட்டுவாள்.

இன்று தட்டவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

கம்பவுண்டர் விளக்கை அணைத்து, இருட்டில் தடவித் தடவி ஃபிலிமை வெளிச்சம் புகாத டாங்கிக்குள் ஏற்றி மூடினார். பிறகு விளக்கைப் போட்டார். மூடிய டாங்கியில் மருந்து ஊற்ற இருட்டு வேண்டாம். முதலில் டெவலப்பர், அது படத்தை வரவழைக்கும். அப்புறம் ஃபிக்ஸர், அது வந்ததை நிறுத்தி வைத்து வராததைக் கரைத்துவிடும். வரிசை மாறினால் எல்லாமே கரைந்து போகும், கடவுளே வந்தாலும் மீட்க முடியாது. இரண்டும் ஒரே மாதிரியான சிரப் பாட்டில்கள். சிவப்பு மூடி டெவலப்பர், வெள்ளை மூடி ஃபிக்ஸர். கடையில் சீட்டைப் படிக்காமல் ஒரு சொட்டு ஊற்றாத மனிதர், வீட்டில் மூடியை நம்பினார். ஃபிக்ஸருக்கு வினிகர் நெடி உண்டு; வேறு நாளாக இருந்தால் மூக்கே காட்டிக் கொடுத்திருக்கும். அழுது அழுது மூக்கு அடைத்துக் கிடந்தது.

முதலில் சிவப்பு மூடியைத் திறந்து ஊற்றினார். பிறகு வெள்ளை. கடைசியில் அலசிவிட்டுச் சுருளை வெளியே இழுத்தார்.

கண்ணாடி மாதிரி இருந்தது. முகமில்லை, நிழலில்லை. படமே எடுக்காத ஃபிலிமாக இருந்தாலும் ஓரத்தில் வரிசை எண்களாவது தெரியும். அதுவும் இல்லை.

"என்னங்க, முகம் தெரியுதா?"

அவர் சுருளை விளக்கருகே தூக்கிப் பிடித்தார்.

"உள்ள சுத்தமா இருக்கில்ல? நேத்தே தேச்சுக் கழுவிட்டேன். உங்க பாட்டில் மூடியெல்லாம் ஒரே கறை. கழட்டி ஊறவெச்சுத் தேச்சு மாட்டுனேன். புள்ள வர்ற இடமாச்சே."

இரண்டு மூடிகளும் பளபளவென்று, இடம் மாறி இருந்தன. ஒரு வார்த்தை கேட்டு மாட்டியிருக்கக் கூடாதா என்று அவள்மேல் ஆத்திரம் பொங்கியது. அடுத்த கணமே, பார்க்காமல் ஊற்றிய தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. உண்மை தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். அது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கதவைத் திறந்தார். "படம் ஒண்ணும் விழல. அவன் ஃபிலிம சரியா மாட்டல போல. உள்ள சுத்தவே இல்ல."

அவள் சுருளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். அழுவாள் என்று பயந்தார். அவள் முகம் இறுகியது.

"எதுலதான் கவனம் இருந்துச்சு அவனுக்கு? ஒரு ஃபிலிம ஒழுங்கா மாட்டத் துப்பில்ல. ரோட்டையும் இப்படித்தான் தாண்டியிருப்பான். அந்த லாரிக்காரன வாய்க்கு வந்தபடி திட்டித் தீத்தேனே, பாவம்."

ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து மாட்டுகிற பிள்ளை அவன். அது கம்பவுண்டருக்குத் தொண்டைவரை வந்தது. சொன்னால், அப்புறம் ஃபிலிம் எப்படி வெளுத்தது என்று கேட்பாள். விழுங்கிக்கொண்டார்.

அவள் திட்டிக்கொண்டே சமையலறைக்குள் போனாள். பாத்திரங்கள் உருண்டன.

"நான் சொல்றது சரிதானே?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆமா" என்றார் கம்பவுண்டர்.